இரைப்பை பலூனும் நம் உணவுச் சொற்களும்

'இரைப்பை' என்னும் சொல்லே அவ்வுறுப்பின் இயல்பைக் கூறிவிடுகிறது. இரை தங்கும் பை அது. வெறுமையாக இருக்கையில் சுருங்கிக் கிடக்கும் அப்பை, உணவு புகப் புக விரிந்து, வளர்ந்த ஒருவரிடம் ஏறத்தாழ ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். அதனுள் உப்புநீர் நிரப்பிய மென்மையான சிலிகோன் பந்தொன்றைச் சில மாதங்கள் தங்கவைத்து, உணவுக்குரிய இடத்தைக் குறைப்பதே இரைப்பை பலூன் சிகிச்சை. வயிற்றைக் கீறுவதில்லை, தையலும் இல்லை. காலம் முடிந்ததும் பந்து வெளியே எடுக்கப்படுகிறது.

சிங்கப்பூரிலும் கிடைக்கும் இச்சிகிச்சையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. எவ்வளவு எடை குறையும் என்பது ஒன்று. எவ்வளவு செலவாகும் என்பது மற்றொன்று. பந்து உள்ளே இருக்கும் மாதங்களில் அம்மனிதர் எதை, எப்படி உண்பார் என்ற மூன்றாவது கேள்வி மருத்துவமனை தரும் ஒரு தாளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தத் தாளைப் படிப்பவர் ஒருவர், அடுப்படியில் நிற்பவர் வேறொருவர் என்பதே நம் வீடுகள் பலவற்றின் நிலை. ஆங்கிலத்தில் படித்த பேரப்பிள்ளை தமிழில் சொல்ல, பாட்டி அதைத் தம் வழக்கப்படி புரிந்துகொள்கிறார். இடையில் ஒரு சொல் பிசகினால் விளைவு உடம்பில் தெரியும். மருத்துவப் பொருள் ஒன்றை மொழி வளர்க்கும் உரைத் தொடரில் எடுத்துக்கொள்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இது யாரோ சிலருடைய சிக்கலும் அன்று. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், சிங்கப்பூர்ப் பெரியவர்களுள் 10.8 விழுக்காட்டினர் மிகைப் பருமன் உடையோர் எனக் கணக்கிடப்பட்டது. இந்தியர்களிடையே அது 16.9 விழுக்காடு. நீரிழிவு நாடு முழுவதையும் சேர்த்து 11.3 விழுக்காடாகவும், இந்தியர்களிடையே 17.2 விழுக்காடாகவும் இருந்தது. ஆசிய மக்களிடம் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் தலைகாட்டுவதால், உடல் நிறைக் குறியீட்டெண் 23ஐ எட்டினாலே கவனம் வேண்டும் என்றும், 27.5ஐ எட்டினால் ஆபத்து மிகுதி என்றும் இங்கே வகுத்திருக்கிறார்கள். மேலைநாடுகளில் அவ்வெல்லைகள் 25, 30 என்பன. உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் மட்டும் எடையைக் குறைக்க இயலாத, ஆனால் அறுவை சிகிச்சையை நாடும் நிலையிலோ விருப்பத்திலோ இல்லாத இடைப்பட்டோரே பலூனை நாடுபவர்களுள் பெரும்பாலோர்.

இந்த எண்ணம் தோன்றிய விதம் சற்று விந்தையானது. தம் தலைமுடியையே விழுங்கும் பழக்கமுடைய சிலருக்கு, அம்முடி இரைப்பையில் செரிக்காமல் திரண்டு பந்தாகிவிடும். அவர்கள் மெலிந்துபோவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். அத்தகைய பந்தை நாமே செயற்கையாக வைத்தால் என்ன என்று, டென்மார்க்கைச் சேர்ந்த நீபென், ஹார்போ என்னும் இருவர் 1982இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். 1985இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் பலூன் உருளை வடிவினது; காற்று நிரப்பப்பட்டது. அதன் விளிம்புகள் இரைப்பைச் சுவரை உரசிப் புண்ணாக்கின. காற்று இறங்கிய பலூன்கள் குடலுக்குள் நழுவி அடைப்பை உண்டாக்கின. 1988இல் அதன் விற்பனை நின்றது. அதற்கு முந்திய ஆண்டே அமெரிக்காவின் டார்பன் ஸ்பிரிங்ஸ் நகரில் வல்லுநர்கள் கூடி, நல்ல பலூன் வழவழப்பாக இருக்க வேண்டும், நீரால் நிரப்பப்பட வேண்டும், அளவை மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும், ஊடுகதிர்ப் படத்தில் தெரிய வேண்டும் என்றெல்லாம் இலக்கணம் வகுத்திருந்தார்கள். இன்று நாம் காணும் பலூன்களுள் பெரும்பாலானவை அந்த இலக்கணத்தின் வழிவந்தவை.

பரவலாகப் பயன்படும் ஒருவகைப் பலூன், உள்நோக்குக் குழாயின் உதவியால் வைக்கப்பட்டு, 400 முதல் 700 மில்லிலிட்டர் வரை உப்புநீரால் நிரப்பப்பட்டு, ஆறு மாதத்தில் எடுக்கப்படுகிறது. ஓராண்டு வரை தங்கக்கூடிய, இடையே அளவை மாற்றத்தக்க பலூனும் உண்டு. மாத்திரைபோல் விழுங்கக்கூடிய இன்னொன்றை, அதனோடு இணைந்த மெல்லிய குழாய் வழியே 550 மில்லிலிட்டர் நீரால் நிரப்புவார்கள். ஏறத்தாழ 16 வாரத்தில் அதன் அடைப்பிதழ் தானே திறந்து, பலூன் சுருங்கி, மலத்தோடு வெளியேறிவிடும். சில பலூன்களில் உப்புநீரோடு மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தைக் கலப்பதுண்டு. பலூன் கசிந்தால் சிறுநீர் நீலப் பச்சையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்நிறத்தைக் கண்டவர் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பலூன் செய்யும் வேலை இரண்டு. இரைப்பைச் சுவர் விரிவதை உணரும் நரம்பு முனைகள், 'போதும்' என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. பலூன் இருப்பதால் அச்செய்தி சில கவளங்களிலேயே போய்விடுகிறது. உண்ட உணவு குடலுக்குள் இறங்கும் வேகமும் குறைவதால் நிறைவு நீடிக்கிறது. இவ்விரண்டும் அளவைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்பது பருப்பா, பால்கோவாவா என்பது பலூனுக்குத் தெரியாது.

பலூன் வைத்த முதல் மூன்று நாள் பெரும்பாலோருக்குக் கடினமானவை. குமட்டல், வாந்தி, வயிற்றுப் பிடிப்பு ஆகியன வரும். இரைப்பை அந்தப் பந்தை ஓர் அயற்பொருளாகக் கருதிக் கீழே தள்ள முயல்வதே காரணம். வாந்தியைத் தணிக்கவும் அமிலச் சுரப்பைக் குறைக்கவும் மருந்து தருவார்கள். வழக்கமாக ஒரு வாரத்துக்குள் உடல் பழகிவிடுகிறது. அந்நாள்களில் உணவைப் பற்றிக் கவலை வேண்டா. நீரைப் பற்றியே கவலை வேண்டும். ஒரே மடக்கில் ஒரு குவளை குடித்தால் அப்படியே திரும்பிவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு மிடறு என நாள் முழுவதும் பருகி, நாளடைவில் ஒன்றரை லிட்டரை எட்டுவதே குறி. சிறுநீர் அடர்மஞ்சளாவது, வாய் உலர்வது, எழுந்தால் தலைசுற்றுவது ஆகியவை நீர் போதவில்லை என்பதன் அறிகுறிகள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் நகரில் இவை விரைவாகவே வந்துவிடும்.

அடுத்து வருவது உணவுப் படிநிலை. மருத்துவமனைத் தாள்கள் பொதுவாக நான்கு படிகளைச் சொல்லும். முதல் இரண்டையும் தமிழில் 'திரவ உணவு' என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். பாயசமும் திரவந்தான், மைலோவும் திரவந்தான், தேநீர் அங்காடியின் 'தே'யும் திரவந்தான். சொல்லில் பிழையில்லை; அது போதிய அளவு நுட்பமாக இல்லை என்பதே குறை. நம் அடுப்படியிலோ உணவின் பதத்தைக் குறிக்க நுட்பமான சொற்கள் ஏராளம். அவற்றையே எடுத்தாண்டால் நான்கு படிகளையும் பாட்டிக்கு ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம் என்பது என் கருத்து.

முதற்படிக்குரிய சொல் 'தெளிவு'. கலக்காமல் மேலாக இறுத்தெடுக்கும் ரசத்தைத் தெளிவு என்றே இன்றும் சொல்கிறோம். கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் மறுபக்கம் தெரிய வேண்டும், அதுவே தேர்வு. நீர், உப்பிட்டு வடிகட்டிய காய்கறிச் சாறு அல்லது கோழிச் சாறு, இளநீர், மருந்தகத்தில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவை இதில் அடங்கும். ரசத் தெளிவும் ஆகும், ஆனால் புளியும் மிளகும் வெகுவாகக் குறைய வேண்டும். பால் இதில் சேராது. கடைகளில் விற்கும் பார்லி நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதில் கரைந்திருக்கும் சர்க்கரை மிகுதி.

இரண்டாம் படி, ஊற்றிக் குடிக்கத்தக்கது: பால், மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய கஞ்சி, நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுப் பால், இனிப்புச் சேர்க்காத சோயா பால், உணவியல் நிபுணர் பரிந்துரைக்கும் புரத மாவுக் கரைசல். மூன்றாம் படிக்கு நம்மிடம் இரண்டு அழகிய சொற்கள் உள்ளன. ஒன்று மசியல், மற்றது கடைசல். கீரை மசியலும் பருப்புக் கடைசலும் பரங்கிக்காய் மசியலும் மெல்லும் தேவையில்லாதவை; கரண்டியிலிருந்து வழுக்கி விழுபவை. முள் நீக்கி மசித்த மீனையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். நான்காம் படி குழைவு. குழைசாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, அவித்த முட்டை, ஆவியில் வேகவைத்த மீன், தௌகுவா எனப்படும் கெட்டிச் சோயாக்கட்டி ஆகியன இப்படிக்குரியவை. ஏறத்தாழ நான்காம் வாரத்திலிருந்து வழக்கமான உணவு சிறு அளவில் தொடங்கும். எத்தனை நாளில் எந்தப் படி என்பது பலூனுக்குப் பலூன், மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடும். அவர் சொல்வதே இறுதி.

'களி' என்னும் சொல்லையும் இங்கே எண்ணிப்பார்க்கத் தோன்றுகிறது. களி மென்மையானது, பல் இல்லாதவரும் உண்ணலாம். எனவே மூன்றாம் படிக்கு ஏற்றது என்று தோன்றும். ஆனால் அது உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கப்படும் உணவு. மென்மை ஒன்றே போதாது. கட்டியாகத் திரளாமல் கரைந்து செல்வதும் வேண்டும். களியை விரும்புபவர் அம்மாவையே நீர்க்கக் கரைத்துக் கூழாகக் காய்ச்சிக்கொள்வது நல்லது.

வாந்தி முதல் வாரத்தோடு நின்றுவிட வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் அதைப் 'பழகிவிடும்' என்று தள்ளிப்போடுவது பேரிடரில் முடியக்கூடும். உயிர்ச்சத்து பி1 உடலில் மிகக் குறைவாகவே சேமிக்கப்படுகிறது. புதிதாக வராவிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். மாவுச்சத்தை ஆற்றலாக மாற்ற அது இன்றியமையாதது. அது தீர்ந்த நிலையில் நடை தள்ளாடும், கண்ணசைவு பிறழும், மனம் குழம்பும். உடனே கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். வீட்டிலுள்ளோர் அன்பினால் செய்யும் ஒரு செயல் இந்நிலையை விரைவுபடுத்துகிறது. வாந்தியெடுத்துச் சோர்ந்தவருக்குத் தெம்பு வரட்டும் என்று குளுக்கோஸ் நீரும் இனிப்புப் பானமும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். சர்க்கரை மிக மிக, எஞ்சியிருக்கும் பி1 இன்னும் வேகமாகச் செலவாகும். எடைக் குறைப்புச் சிகிச்சைகளில் வாந்தி தொடர்வோருக்கு மருத்துவர்கள் பி1 ஊசி போடுவது இதனால்தான்.

இந்தப் பி1 குறைபாட்டின் வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 'பெரி-பெரி' என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. கால் மரத்து வீங்கும், நடை போகும், இதயம் ஓய்ந்து இறப்பு நேரும். சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களே பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன், 1907இல் வெளியிட்ட நூலில் இதற்கு அரிசியையே காரணமாகக் காட்டினார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதியது தவறாகிப்போனது. அவர் கண்டதோ சரியாகவே இருந்தது.

அடுத்து, பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு ஆய்வாளர்கள், நெகிரி செம்பிலானில் சாலை போடும் பணியில் இருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையரிசி உண்டோரிடமே நோய் தோன்றியது. இன்றைய நெறிமுறைகளின்படி அப்படியொரு சோதனையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள் என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1909இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு, அரிசியைத் தீட்டும்போது உடலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பதை நிலைநாட்டியது. அந்த ஒன்றே பின்னர்ப் பி1 எனப் பெயர் பெற்றது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள நீரில் கரையும் சத்துகள் அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவிவிடுகின்றன. பிறகு உமியும் தவிடும் நீங்கினாலும் அவற்றில் ஒரு பகுதி உள்ளேயே தங்கும். நம் முன்னோர் நோயைத் தடுக்க எண்ணிப் புழுக்கினர் என்று பெருமை பேச வேண்டியதில்லை. அரிசி உடையாமல் இருக்கவும் நெடுநாள் கெடாமல் இருக்கவும் செய்த வேலை அது. நன்மை கூடவே வந்தது. இன்று நம் வீடுகள் பலவற்றில் பாசுமதியும் வாசனைப் பச்சரிசியும் புழுங்கலின் இடத்தைப் பிடித்துவிட்டன. நாள் முழுவதும் ஒரு கிண்ணச் சோறே உண்ண முடிகிற ஒருவருக்கு, அது புழுங்கலாகவோ தீட்டாத அரிசியாகவோ இருப்பது பொருளுடையது. வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாமல் இருப்பதும் அவ்வாறே. தேக்காவின் மளிகைக் கடைகளில் இட்லி அரிசியும் பொன்னிப் புழுங்கலும் எளிதில் கிடைக்கின்றன. ஆயினும் வாந்தி நிற்காதவருக்கு அரிசி மருந்தாகாது. அவருக்கு வேண்டியது மருத்துவர்.

இனிப் புரதம். எடை விரைவாகக் குறையும்போது கரைவது கொழுப்பு மட்டுமன்று. குறையும் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு தசையாக இருக்கக்கூடும். தசை போனால் உடல் நாள்தோறும் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. பலூன் போன பிறகு எடை திரும்புவது எளிதாகிறது. ஆகவே நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவான அறிவுரை. சிறுநீரக நோய் உள்ளவருக்கு இவ்வளவு வேறுபடும். அறுபது கிராம் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஓர் இட்லியில் ஏறத்தாழ 2 கிராம். நூறு கிராம் சோற்றில் இரண்டரை. இட்லியையும் சோற்றையும் மட்டும் நம்பினால், முழு இரைப்பை உடையவராலேயே அந்த எண்ணை எட்ட முடியாது.

நம் இலையின் அமைப்பு சோற்றை நடுவில் குவித்து, மற்றவற்றைத் தொடுகறியாக ஓரத்தில் வைப்பது. பலூன் உள்ளவர் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. முதலில் மீன், முட்டை, பருப்பு, சோயா, அடுத்துக் காய்கறி, இடம் மிஞ்சினால் சோறு. காலையில் ஒரு முட்டை, ஓர் இட்லி, கெட்டியான பருப்பு அரைக் கோப்பை உண்டால் ஏறத்தாழ 16 கிராம் சேர்கிறது. இடையே 250 மில்லிலிட்டர் பால், 8 கிராம். நண்பகலில் உள்ளங்கையளவு மீனும் மூன்று கரண்டிச் சோறும் கீரையும், 20 கிராம். மாலையில் இனிப்பில்லாத சோயா பால், ஏறத்தாழ 8. இரவில் நூறு கிராம் தௌகுவா, 12க்குக் குறையாது. கூட்டிப் பார்த்தால் 60ஐத் தாண்டிவிடுகிறது. சைவ உணவினர் மீனுக்கும் முட்டைக்கும் பதிலாகத் தெம்பேயை எண்ணிப்பார்க்கலாம். நூறு கிராமில் 19 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. சாவகத்திலிருந்து வந்த அவ்வுணவு நம் ஈரச்சந்தைகளில் மலிவாகக் கிடைத்தும் தமிழர் வீடுகளில் அவ்வளவாகப் புழங்காதது வியப்பளிக்கிறது. சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்ப்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் பருப்பைவிட நீரே மிகுதி.

பலூனை ஏமாற்றும் வழி ஒன்று உண்டு. அதை அறியாமலேயே பலர் செய்துவிடுகிறார்கள். திட உணவு இரைப்பையில் தங்கும். இனிப்புப் பானமோ பந்தைச் சுற்றி வழிந்து குடலுக்குப் போய்விடும். நிறைவும் தராது, ஆற்றலை மட்டும் சேர்க்கும். ஒரு மேசைக்கரண்டிச் சீனிப்பாலில் ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. இரண்டு கரண்டி ஊற்றிய 'தே தாரேக்' ஒரு கோப்பையில், நான்கு தேக்கரண்டிக்கும் மேற்பட்ட சர்க்கரை கரைந்திருக்கும். சிராங்கூன் சாலையில் காலை ஒன்று, மாலை ஒன்று என அருந்துபவர், சோற்றில் குறைத்ததைக் கோப்பையில் திரும்பப் பெற்றுவிடுகிறார்.

நல்ல வேளையாக, நம் காப்பிக்கடை மொழியே இதற்குத் துணைசெய்கிறது. மலாயில் 'கோசோங்' என்றால் வெறுமை. 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும். 2022 டிசம்பர் 30 முதல் அடைக்கப்பட்ட பானங்களுக்கும், 2023 டிசம்பர் 30 முதல் கடையில் அப்போதைக்கப்போது கலக்கும் பானங்களுக்கும் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு நடைமுறையில் உள்ளது. 'டி' என்பது 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரையோ, 2.8 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்போ உள்ளதைக் குறிக்கும். பலூன் காலத்தில் 'ஏ', 'பி' ஆகிய இரண்டோடு நின்றுகொள்வது நலம். நுரைக்கும் பானங்கள் சர்க்கரையற்றவை ஆயினும் வேண்டா; வாயு வெளியேற இடமின்றி வயிறு உப்பி வலிக்கும்.

உண்ணும் முறையும் மாற வேண்டும். சிறு கவளம், நன்றாக மெல்லுதல், இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளுதல். சாப்பாட்டின் இடையே நீர் பருகும் வழக்கத்தை விட்டு, உண்டு முடித்து அரைமணி கழித்துப் பருக வேண்டும். அந்நீர் பலூனின் மேல் ஒட்டிய உணவையும் கழுவிச் செல்லும். ஒட்டியது அங்கேயே புளித்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம் வரும். எனவே புரோட்டா, மென்ரொட்டி, பசையரிசிப் பலகாரம் போன்ற பிசுபிசுப்பானவற்றை ஒதுக்குவதே நல்லது. முருங்கைக்காயின் சதையை வழித்துண்டு சக்கையை உமிழ்வது நம் இயல்பான பழக்கம். கீரைத்தண்டுக்கும் கரும்புக்கும் அதே விதி. உண்டவுடன் படுத்தால் அமிலம் மேலேறும். இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி தேவை. இரவுப் பணியாளருக்கு இது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நோன்பைப் பற்றியும் கேட்கிறார்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை வெயிலில் நடப்போர் பலர், அதற்கு முன் பல நாள் விரதம் இருப்பவர்கள். சைவ விரதம் பலூனுக்கு முரணன்று, புரதத்தைக் கவனித்தால் போதும். நீரும் அருந்தாத நோன்பு வேறு. ரமலான் மாதத்திலும் நீரின்றிப் பகல் முழுதும் இருக்க வேண்டியுள்ளது. மிடறு மிடறாக நாளெல்லாம் பருக வேண்டிய ஒருவர், இஃப்தாருக்குப் பின் சில மணி நேரத்தில் அவ்வளவையும் ஈடுசெய்ய இயலாது. நோன்புக் காலத்தைக் கணக்கிட்டுப் பலூன் வைக்கும் நாளைத் தேர்ந்துகொள்வதே உகந்தது. நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகளோ எடுப்பவர், உணவு பாதியாகும்போது மருந்தின் அளவும் மாற வேண்டும் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இல்லையேல் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோபென் போன்ற மாத்திரைகள் இரைப்பைப் புண்ணை வரவழைப்பவை.

இச்சிகிச்சை ஆபத்தே அற்றது என்று விளம்பரங்கள் சொல்லும் தொனி எனக்கு உடன்பாடானதன்று. பலூன் தானே மிகையாக உப்புவதும், கணையத்தை அழுத்தி அழற்சி உண்டாக்குவதும் நேர்ந்துள்ளதாக 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அவ்வாண்டிலேயே ஐந்து இறப்புகளைப் பற்றியும் அறிவித்தது. பலூன்தான் காரணம் என்று அதில் உறுதிசெய்யப்படவில்லை. முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, வயிறு திடீரென வீங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உணவை மாற்றிப் பார்த்துக் காலங்கடத்தலாகாது.

உள்நோக்குக் குழாயால் பலூனை எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் மீண்டும் நீர்ம உணவுக்குத் திரும்ப வேண்டும். கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக எதுவும் உட்கொள்ளலாகாது. பலூன் உள்ள இரைப்பை மெதுவாகவே காலியாகிறது. அதில் உணவு எஞ்சியிருந்தால், மயக்க மருந்தின்போது மேலேறி நுரையீரலுக்குள் புகும் ஆபத்து உண்டு. 'நேற்று ஒரு வாய் சோறுதானே' என்று மறைப்பதைவிடச் சொல்லிவிடுவது மேல். மருத்துவர் நாளை மாற்றிக்கொள்வார்.

பலூன் தங்கும் காலத்தில் உடல் எடையில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. 90 கிலோகிராம் உள்ளவர் 81 அளவுக்கு வருவார். அது நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவரப் பலருக்குப் போதுமானது. ஆனால் பந்து போனதும் இடம் திரும்பிவிடுகிறது. பசியும் நாளடைவில் திரும்புகிறது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவோர் பலர். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய தட்டு மாதிரியில் பாதி காய்கனி, கால்பங்கு முழுத்தானியம், கால்பங்கு புரதம். பலூன் எடுத்தபின் உணவியல் நிபுணர் கையில் தருவதும் பெரும்பாலும் அதே தட்டின் படந்தான். வித்தியாசம் என்னவென்றால், ஆறு மாதம் சிறு தட்டில் மீனையும் பருப்பையும் முதலில் உண்டு பழகியவருக்கு அப்படம் புதிதாகத் தோன்றாது. முதல் மாதம் வாரம் ஒருமுறை எடை பார்த்து, இரண்டு கிலோகிராம் கூடினாலே அவரிடம் திரும்பிச் செல்லலாம். பத்துக் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.